ம் கொட்ட ஆள் வேணும்

ஃபோன்ல ஒருத்தர்கிட்ட சுவாரசியமா ஒரு விஷயத்தைச் சொல்லிட்டு இருக்கோம், அந்தப் பக்கத்துல இருந்து ஒரு நாலஞ்சு செகண்டுக்கு எந்தச் சத்தமும் வரலன்னு வைங்க, என்ன பண்ணுவோம்? சொல்லிட்டு இருந்ததை அப்படியே பாதியில விட்டுட்டு "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கியா?"ன்னு கேப்போம். "இருக்கேன், சொல்லு"ன்னு பதில் வரும். ஆனா அதுக்கப்புறம் அந்தக் கதை எந்திரிக்காது. எங்க விட்டோம்னு தேடணும், தேடிப் பிடிச்சாலும் முன்ன இருந்த வேகம் இருக்காது, மிச்சத்தை ரெண்டு வரியில முடிச்சுட்டு "சரி, வச்சிரட்டா"ன்னுடுவோம். அந்தப் பக்கம் இருந்தவர் ஒழுங்காத்தான் கேட்டுட்டு இருந்தார். ஒரு "ம்" சொல்லல, அவ்வளவுதான்.

எனக்கு இந்த "ம்" மேல ஒரு கண்ணு விழுந்ததுக்குக் காரணம் என் வேலை. கஸ்டமர் கேருக்கு ஃபோன் பண்ணா "இந்த அழைப்பு தரம் மற்றும் பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படலாம்"னு ஒரு குரல் சொல்லுமே, அந்தத் தரம் நான்தான். குவாலிட்டின்னு டிபார்ட்மென்ட் பேரு. ஏஜென்ட் பேசின ஃபோன் காலையெல்லாம் ரெக்கார்டிங்ல கேட்டு ஒரு ஃபார்ம்ல மார்க் போடணும். கிரீட்டிங் ஒழுங்கா சொன்னாங்களா, வெரிஃபிகேஷன் பண்ணாங்களா, ஹோல்ட்ல போடுறதுக்கு முன்னாடி பர்மிஷன் கேட்டாங்களா, எம்பதி, அதாவது பரிவு, காட்டினாங்களா, கடைசில "வேறு ஏதேனும் உதவி தேவையா"ன்னு கேட்டாங்களா, இப்படி வரிசையா கட்டம் இருக்கும். "டெட் ஏர்"னு ஒண்ணு உண்டு, காரணம் சொல்லாம ஏஜென்ட் சத்தமில்லாம இருந்தா மார்க் போயிடும். ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு நாள் பூரா அடுத்தவங்க பேச்சைக் கேக்குறதுல ஒரு கெட்ட பழக்கம் வந்துருச்சு, கல்யாண வீட்டுல, பஸ்ல, டீக்கடையில எங்க ரெண்டு பேர் பேசினாலும் பேசுறவரை விட்டுட்டு கேக்குறவரையே பாத்துட்டு இருக்கேன்.

அப்படிப் பாத்துப் பாத்து எனக்குத் தோணுறது இதுதான். ஒருத்தர் நல்லா பேசுறாரா சொதப்புறாராங்கிறது பாதிக்குப் பாதி அவர் கையிலயே இல்ல, எதிர்ல இருக்கிறவர் கையில இருக்கு. கேக்குறதுன்னா வாயை மூடிட்டு அடக்க ஒடுக்கமா உக்காந்திருக்கிறதுன்னு ஸ்கூல்ல இருந்தே சொல்லி வளத்துட்டாங்க. கிளாஸ்ரூமுக்கு அது சரி, டீச்சருக்கு நாப்பது பேரைச் சமாளிக்கணும். ஆனா ரெண்டு பேர் பேசும்போது கேக்குறதுங்கிறது சத்தம் போட்டுச் செய்ற வேலை.

இதை நான் சொன்னா எங்க டீம் லீடே ஒத்துக்க மாட்டார். ஆனா சோதிச்சே பாத்திருக்காங்க. கனடாவுல விக்டோரியா பல்கலைக்கழகத்துல ஜேனட் பாவலாஸ்னு ஒரு உளவியல் பேராசிரியர், கூட லிண்டா கோட்ஸ், ட்ரூடி ஜான்சன்னு ரெண்டு பேர், இவங்க 2000-ல வெளியிட்ட ஆய்வு. ஆளுங்களை ஜோடி ஜோடியா உக்கார வச்சு, ஒருத்தரை "நீங்க மயிரிழையில தப்பிச்ச ஒரு சம்பவத்தைச் சொல்லுங்க"ன்னு சொல்ல விட்டாங்க. கேக்குறவங்கள்ல சில பேருக்கு மட்டும் ரகசியமா ஒரு வேலை குடுத்தாங்க, கதை சொல்றவர் ஆங்கில எழுத்து "டீ"யில ஆரம்பிக்கிற வார்த்தை எத்தனை சொல்றார்னு எண்ணிட்டே வரணும். இந்த எண்ற ஆளுங்க தூங்கல, ஃபோனை நோண்டல, சொல்லப்போனா மத்தவங்களை விட உன்னிப்பா ஒவ்வொரு வார்த்தையையும் கவனிச்சாங்க. கதையை மட்டும் கேக்கல. என்ன ஆச்சுன்னா, அவங்ககிட்ட கதை சொன்னவங்களோட கதை கெட்டுப்போச்சு, அதுவும் கரெக்டா க்ளைமாக்ஸ்ல. பட்டுனு முடிச்சாங்க, முடிச்சதையே திரும்பத் திரும்பச் சொன்னாங்க, "இல்ல, இது எவ்வளவு ஆபத்துன்னா..."ன்னு விளக்கம் வேற குடுத்தாங்க. எதிர்ல இருக்கிறவர் மனசுக்குள்ள எண்ணிட்டு இருக்கார்னு கதை சொன்னவங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஏன் அப்படிங்கிறதுக்கு அவங்க காட்டின காரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கேக்குறவங்க ரெண்டு விதமா சத்தம் குடுக்குறாங்களாம். ஒண்ணு பொதுவானது, நம்ம "ம்", "சரி", தலையாட்டல் மாதிரி, கதையில எந்த இடத்துல வேணும்னாலும் போடலாம். இன்னொண்ணு அந்த இடத்துக்குன்னே உள்ளது. லாரி நேரா வந்துச்சுன்னு சொல்லும்போது "அய்யய்யோ"ங்கிறது, மூச்சை உள்ள இழுக்குறது, முகத்தைச் சுளிக்கிறது. எண்ணிட்டு இருந்தவங்ககிட்ட பொதுவானதே குறைஞ்சு போச்சு, அந்த இடத்துக்குன்னு உள்ளது கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. லாரி நேரா வருது, எதிர்ல இருக்கிறவர் முகத்துல ஒண்ணுமே இல்ல, அப்புறம் கதை சொல்றவர் எப்படித்தான் சொல்லுவார்.

தமிழ்ல இந்தச் சத்தங்களுக்குப் பஞ்சமே இல்ல. "ம்" ஒண்ணையே எத்தனை விதமா போடுறோம். இழுத்து ஏத்தி "ம்ம்ம்?"னா நம்பல, நீ சொல்லுங்கிறது. கீழ இறக்கி "ம்"னா சரி, தெரிஞ்ச விஷயம்தான். "ம்க்கும்"னா கிண்டல். "ம்ஹூம்"னா கிடையவே கிடையாது. அப்புறம் "அட", "அப்படிப் போடு", "அது சரி", "அடிப்பாவி", "பாத்தியா பாத்தியா", யாராவது செத்த கதைன்னா நாக்கை மேலண்ணத்துல ஒட்டி எடுக்கிற அந்த "ச்சொ ச்சொ". எங்க ஆச்சி கதை சொல்லும்போது "ம் கொட்டுல"ன்னு அதட்டிட்டேதான் ஆரம்பிப்பா. நான் தூங்கிட்டேனான்னு பாக்கத்தான் அப்படின்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன், அதுவும் ஒரு காரணம்தான், ஆனா ம் சத்தம் தொய்யுற இடத்துல ஆச்சி கதையையே மாத்திருவா, ஒரு ராட்சசன் கூடுதலா வந்துருவான்.

எங்க பக்கம் இதை ஒரு கலையாவே பண்ணி வச்சிருக்காங்க. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஜில்லாக்கள்ல கோயில் கொடைன்னா, அதாவது கோயில் திருவிழான்னா, வில்லுப்பாட்டு இல்லாம கிடையாது. நடுவுல பெரிய வில்லு, அதுல மணி கட்டியிருக்கும், முதன்மையா பாடுறவர் ரெண்டு வீசுகோலால அதைத் தட்டிட்டே பாடுவார், சுத்தி குடம், உடுக்கை, தாளம், கட்டை. எல்லாரும் பாடுறவரைத்தான் பாப்பாங்க. எனக்கு எப்பவும் அவர் பக்கத்துல உக்காந்து பின்பாட்டு பாடுறவர் மேலதான் கண்ணு. வலத்தே பாடுறவர், இடத்தே பாடுறவர்னு பிரிச்சே வச்சிருக்காங்க, ஏதோ சில்லறை வேலை மாதிரி நினைக்காதீங்க.

சாமத்துக்கு மேல சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ ஓடிட்டு இருக்கும். பாடுறவர் பாட்டை நிறுத்திட்டு வசனத்துக்கு வருவார். "அந்த நேரத்துல அவ என்ன செய்தா?" பக்கத்துல இருக்கிறவர் உடனே, "என்ன செய்தா?" "கதவைத் தெறந்து பாத்தா." "ஆமா, பாத்தா." "பாத்தா வெளிய யாரு நிக்கது?" "யாரு நிக்கது?" யாரு நிக்கதுன்னு அவருக்குத் தெரியாதா? நூறு கொடையில பாடின கதை. ஆனா கேக்குற கேள்வியில ஒரு நடிப்பு இருக்காது, நிஜமாவே அப்பத்தான் கேள்விப்படுற மாதிரி இருக்கும், அந்தக் கேள்விக்காகவே மணலில சாஞ்சு கிடந்த ஆளுங்க எந்திரிச்சு உக்காருவாங்க. அந்த "ஆமா"வோட உயரம் ஏற ஏற பாடுறவர் குரலும் ஏறும், ஒரு கட்டத்துல யாரு யாரை இழுத்துட்டுப் போறாங்கன்னே தெரியாது, அந்த வேகத்துலதான் சாமியாடிக்கு அருள் வரும். 2021-ல பத்மஸ்ரீ வாங்கின சுப்பு ஆறுமுகம் எங்க ஜில்லாக்காரர்தான், இதே வில்லுப்பாட்டை ரேடியோ, டிவி வரைக்கும் கொண்டுபோனவர், அவர் மேடையிலயும் பக்கத்துல இருந்து எடுத்துக் குடுக்கிற குரல்கள் இல்லாம ஒரு வரி நகராது. கேக்குறவருக்குன்னு மேடையில இடம் போட்டு, சம்பளமும் குடுத்து உக்கார வச்சிருக்காங்க நம்ம ஆளுங்க. விக்டர் யிங்வேன்னு ஒரு அமெரிக்க மொழியியல்காரர் 1970-ல தான் இந்தக் கேக்குறவர் சத்தத்துக்கு "பேக் சேனல்"னு ஒரு பேரே வச்சார்.

சரி, ம் கொட்டினா போதுமா? போதாது, இங்கதான் என் ஃபார்மோட பஞ்சாயத்து வருது.

ஒரு கால் கேட்டேன். ஆளை அடையாளம் தெரியாத அளவுக்குச் சொல்றேன். வயசான ஒருத்தர், கனெக்‌ஷனை கேன்சல் பண்ணணும்னு ஃபோன் பண்றார். "கனெக்‌ஷன் என் வைஃப் பேர்ல இருக்குங்க, அவங்க போன மாசம் தவறிட்டாங்க." ஏஜென்ட் தம்பி, "ஓகே சார், ஷ்யூர் சார், அவங்களோட ரிஜிஸ்டர்ட் மொபைல் நம்பரை சொல்ல முடியுங்களா சார்?" பின்னாடி கீபோர்டு தட்டுற சத்தம். அவர் நம்பர் சொல்றார், நடுவுல மறந்துபோறார், "அவதான் எல்லாம் வச்சிருந்தா"ங்கிறார். "ஓகே சார். ஓகே சார். உங்க சிரமத்தை எங்களால் புரிந்துகொள்ள முடிகிறது." கடைசி வரி ஸ்கிரிப்ட்ல இருக்கிறது, எம்பதி கட்டத்துக்காக. ஃபார்ம் படி பாத்தா அந்தக் காலுக்குக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. தம்பி பத்து செகண்டுக்கு ஒரு தடவை சத்தம் குடுத்திருக்கார், டெட் ஏர் இல்ல, எம்பதி வாக்கியமும் வந்துருச்சு.

அதே மாதிரி இன்னொரு கால், வேற ஒரு பொண்ணு. இந்தத் தடவை கூப்பிட்டது ஒரு அம்மா, மகன் தவறிட்டான். அந்தப் பொண்ணு "அய்யோ... அம்மா"ன்னுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே பேசல. ஏழெட்டு செகண்ட் இருக்கும், ரெக்கார்டிங்ல பாத்தா அலையே இல்லாம நேர்கோடு. அந்த அம்மாவும் பேசல. அப்புறம் அந்த அம்மாவே, "சரிம்மா, என்ன விவரம் வேணும் சொல்லு, தர்றேன்"னாங்க. ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சது, மொதக் காலை விடச் சீக்கிரம். ஃபார்ம் படி இது டெட் ஏர், மார்க் குறைக்கணும். நான் குறைக்கல. காரணம் எழுதுற இடத்துல "கஸ்டமருக்கு நேரம் குடுத்தார்"னு எழுதினேன், மேல இருந்து கேள்வி வந்துச்சு, வரட்டும்.

"உங்க சிரமம் புரியுது"ங்கிற அந்த வாக்கியத்தை யாரு கண்டுபிடிச்சாங்களோ தெரியல, ஆனா அதுக்கு ஒரு தாத்தா உண்டு. கார்ல் ரோஜர்ஸ்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், ரிச்சர்ட் ஃபார்சனோட சேந்து 1957-ல "ஆக்டிவ் லிசனிங்"னு ஒண்ணைப் பத்தி எழுதினார். எதிராளி சொன்னதோட உணர்ச்சியைப் புரிஞ்சுக்கிட்டு, புரிஞ்சதை அவருக்கே திருப்பிச் சொல்லிக் காட்டணும், சரியான்னு பாக்கணும்ங்கிறது அதுல ஒரு பகுதி. அவர் சொன்னது நல்ல விஷயம். ட்ரெய்னிங் ரூமுக்கு வந்து சேரும்போது அது "கஸ்டமர் சொன்ன கடைசி வரியைத் திருப்பிச் சொல்"னு சுருங்கிப் போச்சு. வீட்டுல யாராவது இதை ட்ரை பண்ணிப் பாருங்க. "எனக்குத் தலைவலிக்குது"ன்னு சொன்னவங்ககிட்ட "அதாவது, உங்களுக்குத் தலைவலிக்கிறதுன்னு சொல்றீங்க"ன்னா செருப்பு பறக்கும்.

இன்னொரு அறிவுரை எல்லா ட்ரெய்னர்களும் சொல்வாங்க: "எதிராளி பேசும்போது உங்க பதிலை யோசிக்காதீங்க, அவர் முடிச்சப்புறம் யோசிங்க." கேக்க நல்லா இருக்கு, நடக்காது. நெதர்லாந்துல நைமேகன்ல இருக்கிற மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல டான்யா ஸ்டிவர்ஸும் கூட இருந்தவங்களும் பத்து மொழிகள்ல சாதாரணப் பேச்சை ரெக்கார்ட் பண்ணி அளந்து 2009-ல வெளியிட்டாங்க. ஒருத்தர் கேள்வி கேட்டு முடிக்கிறதுக்கும் அடுத்தவர் பதில் ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி சராசரியா 200 மில்லிசெகண்ட் சுமார், ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு. ஜப்பான்காரங்க கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாம பதில் சொல்றாங்க, டென்மார்க்காரங்க நிதானம், அவங்களே அரை செகண்டுக்குள்ளதான். ஆனா மனுஷ மூளை ஒரே ஒரு வார்த்தையைத் தயார் பண்ணி வாய்க்குக் கொண்டுவர 600 மில்லிசெகண்ட் கிட்ட ஆகும். கணக்கு உதைக்குதா? அப்போ எதிராளி முடிக்கிறதுக்கு முன்னாடியே, அவர் எங்க முடிக்கப்போறார்னு ஊகிச்சு, நாம பதிலைத் தயார் பண்ண ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். எல்லாரும், எல்லா மொழியிலயும். அதனால பதில் யோசிக்கிறது குத்தம் இல்ல. யோசிச்ச பதிலை, அவர் பேச்சு வேற பக்கம் திரும்பினா, கீழ போட முடியுதாங்கிறதுதான் விஷயம். பாதிப் பேரால அது முடியாது, தயார் பண்ணிட்டோமே வீணாப் போயிருமேன்னு ஒரு பதட்டம், சம்பந்தமில்லாம வந்து விழும், "இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா".

இதுல டாக்டருங்க கதை தனி. 1984-ல பெக்மன், ஃபிராங்கல்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல 74 நோயாளி சந்திப்புகளை ரெக்கார்ட் பண்ணிப் பாத்தாங்க. நோயாளி என்னன்னு சொல்ல ஆரம்பிச்சு சராசரியா 18 செகண்டுல டாக்டர் குறுக்க வந்துடுறார். குறுக்க வந்தப்புறம் விட்ட இடத்துல இருந்து நோயாளி முழுசா சொல்லி முடிச்சது ஏறக்குறைய கிடையாது. டாக்டருங்க சொல்ற சமாதானம், விட்டா பேசிட்டே இருப்பாங்க சார். இதையும் சோதிச்சாச்சு. சுவிட்சர்லாந்துல பாசல்ல 2002-ல, 335 நோயாளிகளைக் குறுக்கிடாம பேச விட்டு, அவங்களுக்குத் தெரியாம நேரம் பாத்தாங்க. சராசரி 92 செகண்ட். முக்கால்வாசிப் பேருக்கு மேல ரெண்டு நிமிஷத்துக்குள்ள தானாவே முடிச்சுட்டாங்க.

ரெண்டு நிமிஷம்தானேன்னு ஈஸியா சொல்லிடலாம். 2017-ல 67 நாட்டுக் கணக்கை எடுத்து ஒரு ஆய்வு வந்துச்சு, ஸ்வீடன்ல ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்குற நேரம் இருபத்திரண்டரை நிமிஷம், பங்களாதேஷ்ல 48 செகண்ட், இந்தியாவுல மொத்தமே ரெண்டு நிமிஷம் கிட்டதான். வாசல்ல நூறு பேர் டோக்கன் வாங்கிட்டு நிக்கும்போது ஒரு டாக்டரை "ஏன் கேக்கல"ன்னு திட்டுறதுல நியாயம் கம்மி. ஆனாலும் அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ளயே வித்தை தெரிஞ்சவங்க இருக்காங்க. பாளையங்கோட்டையில எங்க குடும்பமே போயிட்டிருந்த ஒரு பெரிய டாக்டர், இப்ப இல்ல, அவர் செய்றது ஒண்ணே ஒண்ணுதான். எங்கம்மா காய்ச்சல்னு சொல்லுவா, பேனாவை எடுக்காம "அப்புறம்?"பார். இருமல்னு சொல்லுவா. "அப்புறம்?" ரெண்டு நாளா சாப்பிடப் பிடிக்கல. "ம், அப்புறம்?" அப்பத்தான் அம்மா குரலைத் தணிச்சு, "நெஞ்சுல ஒரு மாதிரி பிடிக்கி டாக்டர், அதுலாம் ஒண்ணுமில்ல"ம்பா. பேனா அப்பத்தான் மேஜையில இருந்து எந்திரிக்கும். எங்க ஊர் ஆளுங்க முக்கியமான விஷயத்தை எப்பவும் கடைசிலதான் சொல்லுவாங்க, அதுவும் கதவுகிட்ட போயி நின்னுட்டு, அதுவும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிக்கிட்டே.

இதுக்கும் ஆதாரம் இருக்கு. கலிஃபோர்னியாவுல ஜான் ஹெரிட்டேஜ்னு ஒருத்தரும் அவர் குழுவும் 2007-ல பாத்தது: டாக்டர் கடைசில "வேற ஒண்ணும் இல்லல்ல?"ங்கிற தொனியில கேட்டா, கேக்காம விட்டதுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. "இன்னும் எதையோ சொல்லணும்னு வந்திருப்பீங்களே"ங்கிற தொனியில கேட்டா, மனசுல வச்சுட்டு வந்ததை ஜனங்க கொட்டிடுறாங்க. எங்க ஃபார்ம்ல இருக்கிற "வேறு ஏதேனும் உதவி தேவையா" எந்த ரகம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த வரியைச் சொல்லும்போதே ஏஜென்ட் கட் பட்டன்கிட்ட போயிட்டார்னு குரல்லயே தெரியும்.

ஒரு விஷயம் எதிர்ப்பக்கமும் சொல்லணும். ம்-க்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கு. "கேட்டுட்டு இருக்கேன்"னும் அர்த்தம், "சம்மதம்"னும் அர்த்தம். எல்லா வீட்டுலயும் பாதிச் சண்டை இதுலதான், "அன்னைக்கு நான் சொன்னப்ப ம்னுதானே சொன்னீங்க?" "ம்னா சரின்னு அர்த்தமா?" வீட்டுல சண்டையோட போயிடும், எல்லா இடத்துலயும் அப்படிப் போகாது. 1977 மார்ச் 27, கேனரி தீவுகள்ல டெனெரிஃப் விமான நிலையம், பயங்கர மூடுபனி. ஓடுபாதையில ரெண்டு ஜம்போ விமானம். கேஎல்எம் விமானத்துல இருந்து "டேக் ஆஃப்ல இருக்கோம்"ங்கிற மாதிரி ரெண்டுங்கெட்டானா ஒரு வாக்கியம் வருது. கண்ட்ரோல் டவர்ல இருந்தவர் "ஓகே"ன்னுட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, "காத்திருங்க, நான் கூப்பிடுறேன்"னார். அதே நேரம் பான் ஆம் விமானமும் "நாங்க இன்னும் ஓடுபாதையிலதான் இருக்கோம்"னு பேச, ரெண்டு சிக்னலும் மோதி, கேஎல்எம் காக்பிட்ல தெளிவா விழுந்தது அந்த "ஓகே" மட்டும்தான். பின் சீட்ல இருந்த ஃப்ளைட் எஞ்சினியர் "அந்த விமானம் இன்னும் வெளிய போகலையோ?"ன்னு கேட்டார், போயாச்சுன்னு கேப்டன் அடிச்சுச் சொல்லிட்டார். ரெண்டு விமானமும் மோதி, செத்தது 583 பேர். அதுக்கப்புறம் விமானப் பேச்சையே மாத்தினாங்க, "டேக் ஆஃப்"ங்கிற வார்த்தையை உண்மையா அனுமதி குடுக்கும்போது தவிர வேற எங்கயும் சொல்லக் கூடாது, வெறும் ஓகே செல்லாது, கேட்டதைத் திருப்பி ஒப்பிக்கணும்.

நம்ம ரயில்வேல அதுக்குன்னே ஒரு அழகான ஏற்பாடு ரொம்ப காலமா உண்டு. ஃபோன்ல பேசி மூடுற லெவல் கிராசிங்ல, ஸ்டேஷன் மாஸ்டர் கேட் கீப்பருக்கு வண்டி வருதுன்னு ஃபோன் பண்ணுவார். கேட்டை மூடிட்டு கேட் கீப்பர் "சரி சார், மூடிட்டேன்"னு சொன்னா மட்டும் போதாது, அவர்கிட்ட இருக்கிற அச்சடிச்ச தாள்ல இருந்து ஒரு நம்பர் குடுக்கணும், ப்ரைவேட் நம்பர்னு பேரு. ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதிக்குவார். குடுத்த நம்பரை அடிச்சுடணும், மறுபடி குடுக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்காரங்க லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்பலாம்னு அனுமதி, குடுக்கும்போதும் இதே கதைதான். அரைத்தூக்கத்துல "ம் ம்"னு சொல்லிடலாம், நம்பரை அரைத்தூக்கத்துல சொல்ல முடியாது, தாளைப் பாத்தாகணும். பேங்க், ஆஸ்பத்திரி, கோர்ட், இங்கெல்லாம் இப்படி ஏதாவது ஒண்ணு இருந்தா எத்தனை பேர் தப்பிப்பாங்கன்னு தோணும். நம்ம ஏஜென்ட்டுங்க அட்ரஸை மட்டும் திருப்பிச் சொன்னாலே எங்களுக்கு வர்ற கம்ப்ளைன்ட்ல பெரிய பகுதி காணாமப் போயிடும்.

பேசுறவங்க பக்கத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. எலிசபெத் நியூட்டன்னு ஸ்டான்ஃபோர்டுல ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தவங்க 1990-ல செஞ்ச ஒரு சோதனை, மேஜையில தாளம் மட்டும் தட்டிக் காட்டணும், எதிர்ல இருக்கிறவர் அது என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான். தட்டினவங்க பாதிக்குப் பாதி கண்டுபிடிச்சுருவாங்கன்னு அடிச்சுச் சொன்னாங்க. 120 பாட்டுல கண்டுபிடிச்சது 3. தட்டுறவர் மண்டைக்குள்ள முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஓடிட்டு இருக்கு, எதிர்ல இருக்கிறவருக்கு டொக் டொக்னுதான் கேக்குது. டெக்னிக்கல் சப்போர்ட் கால் எல்லாமே இப்படித்தான், "சார், ரௌட்டரை ரீசெட் பண்ணிட்டு டபிள்யூபிஎஸ் லைட் பாருங்க"ன்னு ஏஜென்ட் தட்டிட்டே இருப்பார். நல்லா பேசுற ஏஜென்ட்டுன்னு நான் மார்க் போடுறவங்ககிட்ட ஒரே ஒரு விஷயம்தான் பொதுவா இருக்கு, ஒவ்வொரு படி சொன்னதும் நிறுத்துறாங்க. அந்தப் பக்கம் "ம், வந்துருச்சு"ன்னு வர்ற வரைக்கும் அடுத்த படிக்குப் போறதில்ல. ம் வர லேட்டானா, வேற மாதிரி சொல்லிப் பாக்குறாங்க. குரல் வளம், உச்சரிப்பு, சுத்தமான தமிழ் இதெல்லாம் அப்புறம்தான். நம்ம மேடைப் பேச்சாளர்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இந்த நிறுத்துற வித்தை கிடையாது, கைதட்டலுக்கு மட்டும்தான் நிறுத்துவாங்க.

வீடியோ மீட்டிங் வந்தப்புறம் இன்னும் மோசம். ஃபோன் நெட்வொர்க்குக்கு சர்வதேச அளவுல ஒரு பரிந்துரை இருக்கு, குரல் ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போய்ச் சேர முடிஞ்ச வரைக்கும் 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா நல்லதுன்னு. மேல சொன்ன 200 மில்லிசெகண்ட் இடைவெளியை இதோட வச்சுப் பாருங்க. நம்ம ஊர் நெட்டுல மீட்டிங் நடக்கும்போது அந்த எல்லையைத் தாண்டுறது சாதாரணம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சு, ரெண்டு பேரும் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க", மறுபடி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. போதாக்குறைக்கு எல்லாரும் ம்யூட்ல இருக்கணும்னு மரியாதை வேற. முப்பது பேர் இருக்கிற மீட்டிங்ல ஒருத்தர் பேசுறார், ஒரு ம் இல்ல, ஒரு சிரிப்பு இல்ல, அவர் ஒரு ஜோக் சொல்லிட்டு அது விழுந்துச்சா இல்லையான்னு தெரியாம தானே சிரிச்சுக்கிறார் பாருங்க, பாவமா இருக்கும். எங்க ட்ரெய்னர் ஒருத்தர், நேர்ல பேசினா ஹாலே அதிரும், ஆன்லைன்ல ரயில்வே அனவுன்ஸ்மென்ட் மாதிரி ஆயிட்டார். இப்ப அவர் செஷன்ல ரெண்டு மூணு பேரை மட்டும் அன்ம்யூட்ல வச்சிருக்கச் சொல்றார், அவங்களுக்கு அவர் வச்சிருக்கிற பேரு "ஆமாசாமி கோஷ்டி". இதைத்தான் வில்லுப்பாட்டுக்காரங்க எப்பவோ பண்ணிட்டாங்கன்னு அவர்கிட்ட சொன்னேன், அவர் தஞ்சாவூர்க்காரர், "எங்க கதாகாலட்சேபத்துலயும் உண்டு"ன்னு சண்டைக்கு வந்துட்டார்.

இப்ப எங்க ஆபீஸ்ல புதுசா ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்காங்க. எல்லாக் காலையும் அதுவே கேட்டு எழுத்தா மாத்திடும், நாங்க படிச்சுட்டு மார்க் போட்டா போதும், ஒரு நாளைக்குப் பல மடங்கு கால் முடிக்கலாம். நல்ல விஷயம்தான், காது வலி மிச்சம். ஆனா எழுத்தா மாத்தும்போது "ம்", "ஆங்", "அய்யோ" எல்லாத்தையும் தேவையில்லாத சத்தம்னு அதுவா கழிச்சுடுது. அந்த மகன் தவறின அம்மாவோட காலை அதுல போட்டுப் பாத்தேன், "அம்மா"ன்னு ஒரு வார்த்தை, அடுத்து கஸ்டமர் விவரம். செட்டிங்ஸ்ல அந்தக் கழிக்கிற ஆப்ஷனை ஆஃப் பண்ண முடியுமான்னு ஐடிக்கு டிக்கெட் போட்டிருக்கேன். "உங்க சிரமம் புரிகிறது"ன்னு ஆட்டோ ரிப்ளை வந்திருக்கு.